குத்திப் பார்த்து எடை அறிதல்: மலைப்பனியை அளந்தோர் வரலாறு

பனி என்பது தமிழில் மிகப் பழைய சொல். ஆண்டின் ஆறு பருவங்களுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டனர் முன்னோர். ஆயினும் அச்சொல் தமிழர்க்கு நினைவூட்டுவது விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும், வயல்மேல் படரும் மூடுபனியையுமே. வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கி, மாதக் கணக்கில் மலையை மூடிக் கிடக்கும் வெண்பனி அவர்கள் கண்டு பழகிய பொருள் அன்று. ஆதலால் வெண்பனி எங்கும் ஒரே தன்மையுடையது என்று எண்ணிவிடுவது எளிது.

உண்மை அவ்வாறில்லை. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் எடுத்தால் 50 முதல் 100 கிலோகிராம் வரைதான் நிற்கும். சில வாரங்கள் கிடந்து அமுங்கிய பனி 200 முதல் 300 கிலோகிராம் வரை இருக்கும். காற்றால் அடிக்கப்பட்டு இறுகிய பனி 400 கிலோகிராமை எட்டுவதும் உண்டு. இடையிலுள்ள காற்றெல்லாம் நீங்கி முழுப் பனிக்கட்டி ஆகிவிட்டால் 917 கிலோகிராம். ஒரு கன மீட்டர் நீரின் எடையோ 1,000 கிலோகிராம். ஆகவே, “மலையில் ஒரு மீட்டர் பனி கிடக்கிறது” என்று ஒருவர் சொன்னால் அவர் இன்னும் ஒன்றும் சொல்லிவிடவில்லை. அது உருகினால் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்குமா, 40 சென்டிமீட்டர் நிற்குமா என்பது அதன் அடர்த்தியைப் பொறுத்தது.

இந்த அடர்த்தியை அறிய வேண்டிய தேவை இரண்டு வகையில் எழுந்தது. ஒன்று தண்ணீர், மற்றொன்று உயிர். மலைப்பனி உருகித்தான் பல நாடுகளில் ஆறுகள் கோடையில் ஓடுகின்றன. அந்தப் பனியே சரிவில் நிலைகொள்ளாமல் பெயர்ந்து விழுந்தால் கீழே உள்ள ஊர் புதைந்து போகிறது. பனியைத் தோண்டி, ஒவ்வோர் அடுக்காக வெட்டி எடுத்து நிறுத்துப் பார்ப்பதே நேரான வழி. ஆனால் ஒரு குழி தோண்டிப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். தோண்டிய இடத்தில் மறுபடி அளக்க முடியாது. ஆபத்தான சரிவில் நின்று தோண்டவும் இயலாது. எனவே, தோண்டாமல், ஒரு கோலால் குத்திப் பார்த்தே பனியின் அடர்த்தியை அறிய முடியுமா என்ற கேள்வி பிறந்தது. அக்கேள்விக்கு விடை காண ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாறு பனி காணாத நாட்டவரும் அறியத் தக்கது. அளத்தல் என்பது என்ன என்பதை அது கற்பிக்கிறது.

இலத்தீன் ஆசிரியரின் தராசு

பனியை முறையாக நிறுத்துப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் ஒரு மொழியாசிரியர். ஜேம்ஸ் எட்வர்டு சர்ச் (1869–1959) என்பவர் அமெரிக்காவின் நெவாடாப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழியும் பண்டை இலக்கியமும் கற்பித்து வந்தார். மலையேறுவதில் அவருக்குப் பெருவிருப்பம். ரோஸ் மலையின் உச்சியில், கடல்மட்டத்துக்கு மேல் 3,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வானிலைக் கூடம் அமைத்தார்.

அக்காலத்தில் அந்த மலையடிவாரத்தில் டாஹோ என்னும் ஏரியின் நீரைப் பற்றிப் பெரும் வழக்கு நடந்து வந்தது. ஏரிக்கரையில் நிலம் உடையோர், நீர் ஏறினால் தங்கள் கரை அழிகிறது என்றனர். ஏரியிலிருந்து புறப்படும் ஆற்றை நம்பிய உழவரும் மின்சார நிலையத்தாரும், நீர் இறங்கினால் தங்கள் தொழில் அழிகிறது என்றனர். வரும் கோடையில் எவ்வளவு நீர் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மதகை அதற்கேற்பத் திறக்கலாம், மூடலாம். ஆனால் மலைமேல் கிடக்கும் பனியில் எவ்வளவு நீர் அடங்கியிருக்கிறது என்று அன்று அறிந்தார் எவரும் இலர்.

சர்ச் செய்த கருவி மிக எளியது. அரிசிக் கடைக்காரர் மூட்டையைக் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசியைப் போன்ற ஒரு நீண்ட உலோகக் குழாய். அதன் வாயில் வெட்டும் பற்கள். குழாயைப் பனிக்குள் தரைவரை இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு தூக்கி, ஒரு தராசில் மாட்டி நிறுத்தார். இவ்வகைக் குழாய் பின்னாளில் ஒரு திட்டமான அளவு பெற்றது. அதன் வாயின் உள்விட்டம் 1.485 அங்குலம். இந்த விசித்திரமான அளவுக்குக் காரணம் உண்டு. அவ்விட்டமுள்ள குழாயில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நின்றால் அதன் எடை சரியாக ஓர் அவுன்ஸ் இருக்கும். ஆகவே தராசின் முள் எத்தனை அவுன்ஸ் காட்டுகிறதோ, மலையில் அத்தனை அங்குல நீர் இருக்கிறது. பள்ளிச் சிறுவனும் கணக்கின்றிப் படித்துவிடலாம்.

இம்முறை தண்ணீர்க் கணக்குக்குப் போதுமானதாயிற்று. ஆனால் அது தந்தது மேலிருந்து தரைவரை உள்ள பனி முழுவதற்குமான ஒரே எடை. எந்த அடுக்கு கனமானது, எந்த அடுக்கு இலேசானது என்பதை அது சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுவோர்க்கு அது குறையன்று. உயிருக்கு அஞ்சுவோர்க்கோ, அடுக்குகளின் வரிசைதான் முக்கியம்.

ஆல்ப்ஸ் மலையில் இடிகோல்

சுவிட்சர்லாந்து நாட்டில் பனிச்சரிவு தொன்றுதொட்டு வந்த துன்பம். வன அதிகாரியாக இருந்த யோஹான் கோஆஸ் என்பவர் அந்நாட்டின் பனிச்சரிவுகளைப் பற்றி 1881-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். எங்கே விழுந்தது, எத்தனை முறை விழுந்தது என்பதை அன்று எழுதிவைக்க முடிந்தது. ஏன் விழுந்தது என்பது தெரியவில்லை. அதை ஆராய்வதற்கென 1931-ஆம் ஆண்டில் அந்நாட்டார் ஒரு குழு அமைத்தனர். 1936-ஆம் ஆண்டு முதல் டாவோஸ் நகருக்கு மேலே உள்ள வைஸ்ஃப்ளுயோக் என்னும் மலைக்கணவாயை ஒட்டி, 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஒரு சமவெளியைத் தேர்ந்து பனியை நாள்தோறும் அளக்கத் தொடங்கினர். அந்த அளவீடு இன்றும் நின்றபாடில்லை.

அங்கே கூடியவர்கள் வெவ்வேறு துறையினர். ஹென்றி பாடர் கனிமங்களின் படிகங்களை ஆராய்பவர். ராபர்ட் ஹேஃபெலி (1898–1978) கட்டடப் பொறியியலாளர். மண்ணின் உறுதியைச் சோதிக்கும் கலையில் வல்லவர். அவர்களும் அவர்களுடைய தோழர்களும் சேர்ந்து பனியையும் அது அடையும் மாற்றங்களையும் பற்றி 1939-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பனியியலுக்கு அடிப்படை நூலாயிற்று. 1954-இல் அமெரிக்க இராணுவத்தின் பனி ஆராய்ச்சிப் பிரிவு அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டது.

கட்டடம் எழுப்புமுன் நிலத்தில் முளையடிப்பார்கள். எத்தனை அடிக்கு எவ்வளவு ஆழம் முளை இறங்குகிறது என்பதைக் கொண்டு நிலத்தின் தாங்கும் வலிமையை மதிப்பிடுவார்கள். ஹேஃபெலி இதே முறையைப் பனிக்குக் கொண்டுவந்தார். அவர் அமைத்த கருவிக்கு ஜெர்மன் மொழியில் ராம்சோண்டே என்று பெயர். இடித்து நுழைக்கும் கோல் என்பது அதன் பொருள். தமிழில் இடிகோல் எனலாம்.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு கிலோகிராம் எடையும் உள்ள குழாய். முனையில் 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள கூம்பு. கூம்பின் முனைக் கோணம் 60 பாகை. குழாயின் மேற்புறம் ஒரு வழிகாட்டும் கம்பி. அதில் ஏறி இறங்கும் ஒரு சம்மட்டி. சம்மட்டியைக் குறித்த உயரத்துக்குத் தூக்கி விழவிட வேண்டும். எத்தனை அடியில் கோல் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பனி ஆழமாயின் மேலும் குழாய்களைத் திருகிச் சேர்க்கலாம்.

கணக்கும் கடினமன்று. அடிகளின் எண்ணிக்கை, சம்மட்டியின் எடை, அது விழுந்த உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கிக் கோல் இறங்கிய ஆழத்தால் வகுக்க வேண்டும். அதனோடு சம்மட்டியின் எடையையும் குழாயின் எடையையும் கூட்ட வேண்டும். வருவது பனி காட்டிய எதிர்ப்பு. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு கிலோகிராம் சம்மட்டியை 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை விழவிட்டபோது கோல் 5 சென்டிமீட்டர் இறங்கியது என்போம். 10, 1, 20 ஆகியவற்றைப் பெருக்கினால் 200. ஐந்தால் வகுத்தால் 40. சம்மட்டிக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று கூட்டினால் எதிர்ப்பு 42 கிலோகிராம். அதே சம்மட்டியை அடுத்த அடுக்கில் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரே முறை விட்டதும் கோல் 10 சென்டிமீட்டர் சரேலென்று இறங்கிவிட்டது என்போம். அப்போது எதிர்ப்பு இரண்டரைக் கிலோகிராமே. வலிய அடுக்கின் கீழே மெலிந்த அடுக்கு ஒளிந்திருப்பதை ஒரு குழியும் தோண்டாமல் கண்டாயிற்று.

இந்தக் கண்டுபிடிப்பின் பயன் பெரிது. 1942-இல் நிலையான ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1945 முதல் அந்நிலையமே நாட்டுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கை விடுத்து வருகிறது. நாடெங்கும் உள்ள நோக்குநர்கள் பனிக்காலத்தில் குறித்த இடைவெளியில் இடிகோலால் குத்தி, அருகே குழியும் தோண்டி, இரண்டையும் ஒரே தாளில் வரைந்து அனுப்பினர்.

எதிர்ப்பு வேறு, அடர்த்தி வேறு

எதிர்ப்பை அறியும் வழி கிடைத்ததும், அதிலிருந்தே அடர்த்தியையும் கணக்கிட்டு விடலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. கனமான பனி கடினமாக இருக்கும், இலேசான பனி மெத்தென்று இருக்கும் என்பது பொது அறிவுக்குச் சரியாகவே படுகிறது. 1952 முதல் 1954 வரை கிரீன்லாந்தின் வடபகுதியில் தங்கிய பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் குழுவில் பணியாற்றிய காலின் புல் இந்த வழியில் முயன்றார். இடிகோலைக் கொண்டு பழம்பனியின் அடர்த்தியை அறிவது பற்றி 1956-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை வெளியாயிற்று.

கிரீன்லாந்தின் பனி ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து, காற்றாலும் தன் எடையாலும் இறுகுவது. அத்தகைய பனியில் எதிர்ப்பும் அடர்த்தியும் பெரும்பாலும் கைகோத்தே உயரும். ஆல்ப்ஸ் போன்ற மலைகளின் பனி அப்படிப்பட்டதன்று. அங்கே ஒரே பருவத்தில் விழுந்த பனி பலவிதமாக உருமாறுகிறது. ஒரே அடர்த்தியுள்ள இரண்டு அடுக்குகள் ஒன்று கல்லாகவும் மற்றொன்று மணலாகவும் இருப்பதுண்டு.

இதை விளக்க மலைக்குச் செல்ல வேண்டியதில்லை. சமையலறைக்குச் சென்றால் போதும். புதிதாக வாங்கிய சீனியை ஒரு டப்பாவில் இட்டு விரலால் குத்தினால் விரல் தடையின்றி இறங்கும். அதே டப்பாவை மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாமல் வைத்துவிட்டால் சீனி ஈரம் பட்டுக் கட்டி தட்டிவிடும். பின்னர் கரண்டியால் இடித்தாலும் பெயராது. டப்பாவில் உள்ள சீனியின் எடை ஏறக்குறைய அதேதான். அது நிரப்பிய இடமும் அதேதான். ஆகவே அடர்த்தி மாறவில்லை. மாறியது மணிகளுக்கு இடையே ஏற்பட்ட பிணைப்பு. விரலை எதிர்ப்பது மணிகளின் எடையன்று, அவற்றின் பிணைப்பே.

பனியிலும் இதுவே நிகழ்கிறது. தரையோடு ஒட்டிய பனி உருகுநிலையை ஒட்டிய வெப்பத்தில் இருக்கிறது. மேலேயோ கடுங்குளிர். இந்த வேறுபாட்டால் அடியிலுள்ள பனி ஆவியாகி மேல்நோக்கி நகர்ந்து, மேலேயுள்ள மணிகளின்மேல் மீண்டும் படிகிறது. மணிகள் பெருத்து, பட்டைதீட்டிய கற்கள்போல் ஆகின்றன. ஆனால் அவற்றுக்கிடையே இருந்த பிணைப்பு அற்றுப்போகிறது. கையில் எடுத்தால் சீனிபோல் உதிரும். இதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 250 கிலோகிராம் இருக்கலாம். நன்றாகப் பிணைந்த உருண்டை மணிப்பனியின் அடர்த்தியும் அதே 250 ஆக இருக்கலாம். ஒன்றில் இடிகோல் தானே இறங்கிவிடும். மற்றொன்றில் பலமுறை அடித்தால்தான் இறங்கும். எதிர்ப்பை மட்டும் பார்த்து அடர்த்தியைச் சொல்பவர் இங்கே ஏமாந்துபோவார்.

இந்த ஏமாற்றம் ஏட்டளவில் நிற்பதன்று. பனிச்சரிவு பெயர்வதற்கு இரண்டும் வேண்டும்: கீழே பிணைப்பற்ற ஓர் அடுக்கு, மேலே கனமான ஒரு பனிப்பலகை. அரை மீட்டர் தடிப்பும் 200 கிலோகிராம் அடர்த்தியும் உள்ள பலகை ஒவ்வொரு சதுர மீட்டர்மேலும் 100 கிலோகிராம் பாரத்தை ஏற்றுகிறது. அடர்த்தி 300 ஆனால் பாரம் 150. பாரத்தையும் அறிய வேண்டும், தாங்குவதன் வலிமையையும் அறிய வேண்டும். ஒன்றை அளந்து மற்றொன்றை ஊகித்தால் கணக்குப் பிழைக்கும். பிழைக்கும் கணக்கின் கீழே மக்கள் வாழ்கிறார்கள்.

1951-ஆம் ஆண்டின் பனிக்காலம் இதை மறக்கவொண்ணாதபடி நினைவூட்டியது. சனவரியில் சில நாட்களில் கொட்டிய பெரும்பனியால் ஆல்ப்ஸ் மலையெங்கும் பனிச்சரிவுகள் விழுந்தன. வால்ஸ் என்னும் சிற்றூரில் மட்டும் 19 பேர் மாண்டனர். பிப்ரவரியில் தெற்குப் பகுதியிலுள்ள ஐரோலோ என்னும் ஊரில் 10 பேர் மாண்டனர். அந்த ஒரு பனிக்காலத்தில் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவால் இறந்தோர் 98 பேர். அதன் பின்னர் தடுப்பு வேலிகள் பெருகின. வீடு கட்டக் கூடாத இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டன. பனி ஆராய்ச்சியும் விரைவுபெற்றது. எனினும் 1999 பிப்ரவரி 23-இல் ஆஸ்திரியாவின் கால்ட்யூர் என்னும் ஊரில் ஒரே சரிவில் 31 உயிர்கள் போயின. துன்பம் குறைந்ததேயன்றி ஒழியவில்லை.

முட்டியும் விரலும் பென்சிலும்

இடிகோலுக்கு வேறொரு குறையும் இருந்தது. அதன் கூம்பின் உயரமே மூன்றரைச் சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய அடுக்கு ஒன்று இடையே இருந்தால் கூம்பு அதை உணராமலே கடந்துவிடும். பல சரிவுகளுக்குக் காரணமாவது அத்தகைய மெல்லிய அடுக்கே. புதிதாக விழுந்த பனியிலோ கோல் தன் எடையாலேயே அமிழ்ந்துவிடும். அங்கே அளப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே கருவியில்லாத ஒரு முறையும் உடன் வளர்ந்தது. டாவோஸ் நிலையத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்த மார்செல் டெ கெர்வேன் 1950-ஆம் ஆண்டளவில் அதனை ஒழுங்குபடுத்தினார். குழியின் சுவரில் முதலில் மூடிய முட்டியை அழுத்த வேண்டும். அது நுழைந்தால் பனி மிக மென்மையானது. நுழையாவிடின் நான்கு விரல், பின் ஒரு விரல், பின் பென்சில், கடைசியில் கத்தி. இந்த ஐந்து படிகளே அளவுகோல். கேட்பதற்கு விளையாட்டுப்போல் தோன்றினும் உலகெங்கும் பனிக்குழி தோண்டுவோர் இன்றுவரை இதையே கையாளுகின்றனர்.

இந்த எளிய முறையிலிருந்தே அடர்த்திக் கேள்விக்கு ஒரு நல்ல விடை வந்தது. கனடாவைச் சேர்ந்த டோர்ஸ்டன் கெல்ட்செட்சரும் புரூஸ் ஜேமிசனும் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கையால் அறிந்த கடினத்தையும், கண்ணாடியில் பார்த்து அறிந்த மணியின் வகையையும் சேர்த்து, உலர்ந்த பனியின் அடர்த்தியை மதிப்பிட அவர்கள் வழி காட்டினர். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லாப் பனிக்கும் பொதுவான ஒரே கோட்டை அவர்கள் வரையவில்லை. மணியின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி உறவைக் கண்டனர். அதாவது, “எவ்வளவு கடினம்?” என்று கேட்குமுன் “எவ்வகைப் பனி?” என்று கேட்க வேண்டும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டனர்.

நுண்ணிய முனை

மணியின் வகையைக் குழி தோண்டிக் கண்ணால்தான் அறிய வேண்டுமென்றால், குத்திப் பார்ப்பதன் பயன் பாதி போய்விடுகிறது. குத்தும் கோலே மணியின் தன்மையையும் சொல்லுமா? இக்கேள்விக்கு விடையாக வந்தது ஒரு புதிய கருவி. டாவோஸ் நிலையத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்னேபெலியும், அமெரிக்காவின் குளிர்நில ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஜெரோம் ஜான்சனும் அதைப் பற்றி 1998-இல் எழுதினர். அதன் பெயர் ஸ்னோ மைக்ரோபென்.

இதில் சம்மட்டி இல்லை. ஒரு மின்பொறி கோலை மாறாத வேகத்தில், நொடிக்கு 2 சென்டிமீட்டராக, பனிக்குள் செலுத்துகிறது. முனைக் கூம்பின் விட்டம் 5 மில்லிமீட்டர்தான். கூம்புக்குப் பின்னால் உள்ள உணர்கருவி ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 250 முறை எதிர்ப்பைப் பதிவு செய்கிறது. ஒரு மீட்டர் பனியைக் கடக்க 50 நொடி. அதற்குள் சேரும் எண்கள் இரண்டரை இலட்சம். இடிகோல் ஓர் அடுக்குக்கு ஓர் எண் தந்த இடத்தில் இது பல்லாயிரம் எண்களைத் தருகிறது.

அந்த எண்களை வரைந்து பார்த்தால் கோடு வழவழப்பாக இல்லை. இரம்பத்தின் பற்கள்போல் ஏறி இறங்குகிறது. முதற்பார்வைக்கு அது கருவியின் நடுக்கம்போல் தோன்றும். உண்மையில் அங்கேதான் செய்தி இருக்கிறது. முனை ஒரு பிணைப்பை அழுத்தும்போது எதிர்ப்பு ஏறுகிறது. பிணைப்பு முறிந்ததும் சட்டென்று இறங்குகிறது. ஒவ்வொரு பல்லும் ஒரு முறிவு. பற்கள் நெருங்கியிருந்தால் மணிகள் சிறியன, நெருக்கமானவை. பற்கள் அகன்றிருந்தால் மணிகள் பெரியன, இடைவெளி மிக்கவை.

ஆனால் ஒரே நேரத்தில் பல பிணைப்புகள் முறிவதால் பற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அவற்றை எவ்வாறு பிரித்து எண்ணுவது? தகரக் கூரைமேல் பெய்யும் மழையை நினைத்தால் விளங்கும். தூறலில் துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பெருமழையில் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். எனினும் அந்த இரைச்சலைக் கேட்டே, பெரிய துளிகள் குறைவாக விழுகின்றனவா, சிறிய துளிகள் மிகுதியாக விழுகின்றனவா என்று சொல்லிவிடலாம். வானொலியின் வெற்றிடக் குமிழ்களில் எழும் இரைச்சலை ஆராய்ந்த வால்ட்டர் ஷாட்கி என்னும் ஜெர்மன் விஞ்ஞானி, தனித்தனி மின்னணுக்களின் வீழ்ச்சியே அவ்விரைச்சல் என்று 1918-லேயே காட்டியிருந்தார். அதே வகைக் கணிதத்தை ஹென்னிங் லோவெ, ஆலெக் வான் ஹெர்வைனன் இருவரும் பனிக்குப் பொருத்தி 2012-இல் வெளியிட்டனர். எதிர்ப்பின் ஏற்ற இறக்கத்திலிருந்து பனிமணிக் கட்டமைப்பின் நீளத்தைக் கணக்கிட அது வழி செய்தது.

இனி மிச்சம் ஒரே படிதான். 2015-ஆம் ஆண்டில் மார்ட்டின் புரோக்ஷ், லோவெ, ஷ்னேபெலி மூவரும் அதைக் கடந்தனர். எக்ஸ் கதிரால் பனியின் உட்புறத்தைப் படம்பிடித்து உண்மையான அடர்த்தியைக் கண்டு, அதே பனியில் நுண்முனை தந்த எண்களோடு ஒப்பிட்டனர். அவர்கள் கண்ட வாய்பாட்டில் இரண்டு அளவுகள் சேர்ந்தே வருகின்றன: ஒன்று எதிர்ப்பின் நடு அளவின் மடக்கை, மற்றொன்று கட்டமைப்பின் நீளம். எதிர்ப்பை அப்படியே கொள்ளாமல் அதன் மடக்கையைக் கொண்டதால், எதிர்ப்பு இரண்டு மடங்கானாலும் அடர்த்தி இரண்டு மடங்காவதில்லை; சிறிதே கூடுகிறது. கட்டமைப்பின் நீளமோ, அந்த எதிர்ப்பு எவ்வகை மணிகளிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லிக் கணக்கைத் திருத்துகிறது. இவ்வாறு மதிப்பிட்ட அடர்த்தி உண்மையிலிருந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவே விலகுகிறது. தோண்டாமல், நிறுக்காமல், ஒரு நிமிடத்துக்குள் கிடைக்கும் அளவுக்கு இது பெரிய துல்லியமே.

வாய்பாட்டின் எல்லை

இத்துடன் கேள்வி தீர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் கைகட்டி இருந்துவிடவில்லை. வாய்பாட்டில் வரும் எண்கள் குறிப்பிட்ட கருவியையும் குறிப்பிட்ட பனி மாதிரிகளையும் கொண்டு பெறப்பட்டவை. கருவியின் அமைப்பு மாறினால் எண்களும் மாறும். 2015–16 பனிக்காலத்தில் வைஸ்ஃப்ளுயோக் களத்தில் நாள்தோறும் நுண்முனையால் அளந்த குழுவினர், தங்கள் புதிய கருவிக்கேற்ப அவ்வெண்களைத் திருத்தி 2020-இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் கனடாவின் வடகடலில் உறைந்த கடல்மேல் கிடக்கும் பனிக்கென வேறொரு குழு தனியே திருத்தம் செய்தது. காற்றால் இறுகிய கடற்பனிக்கு மலைப்பனியின் எண்கள் அப்படியே பொருந்தவில்லை. ஈரம் ஊறிய பனியோ இன்னும் வேறு. உலர்ந்த பனிக்குக் கண்ட வாய்பாட்டை அங்கே நம்பிப் பயன்படுத்த முடியாது.

இதனால்தான் மண்வெட்டி இன்னும் ஓய்வு பெறவில்லை. நுண்முனை ஒரு சரிவில் பத்து நிமிடத்தில் பல இடங்களைக் குத்தி, அடர்த்தியும் வலிமையும் இடத்துக்கு இடம் எப்படி மாறுகின்றன என்று காட்டிவிடும். ஒரு குழியால் அது முடியாது. ஆனால் நுண்முனை சொல்வது சரியா என்று பார்க்க அவ்வப்போது ஒரு குழி தோண்டி, ஒரு துண்டு பனியை வெட்டித் தராசில் வைத்தே ஆக வேண்டும். சர்ச் குழாயைத் தராசில் மாட்டிய அதே செயல்தான் இன்றும் இறுதித் தீர்ப்புச் சொல்கிறது.

இலத்தீன் ஆசிரியர் எடையை நேரே நிறுத்தார், அடுக்குகளை அறியவில்லை. பொறியியலாளர் அடுக்குகளை அறிந்தார். எதிர்ப்பையே அறிந்தார், எடையை அறியவில்லை. எதிர்ப்பையே எடையாகக் கொள்ள முயன்றவர்கள் ஓரிடத்தில் வென்று, வேறிடத்தில் தோற்றனர். கோட்டின் நடுக்கத்தைக் குறையென்று தள்ளிவிடாமல், அது என்ன சொல்கிறது என்று கேட்டவர்களே வழி கண்டனர். ஒரு கருவி தரும் எண்ணைக் கண்டதும், அந்த எண் உண்மையில் எதை அளந்தது என்று முதலில் கேட்க வேண்டும். வகுப்பில் வெப்பமானியையும் தராசையும் கையிலெடுக்கும் மாணவனுக்கு இக்கேள்வியைக் கற்பித்துவிட்டால், பனியையே கண்டிராத அவனும் பனியியலின் முதற்பாடத்தைக் கற்றவன் ஆவான்.